சாதா வேனை ஃபோர் வீலாக்க நினைக்கிறவர்களுக்கு

மலேசியாவில், உலு சிலாங்கூரில் ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கிச் செட்டும் ஜெனரேட்டரும் ஏற்றிக்கொண்டு வருடா வருடம் போவது என் மச்சானுடைய வேன். பழைய ஜப்பான் வேன். எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில், இழுவை பின்சக்கரத்தில். தோட்டத்துப் பாதையில் ஒரு பள்ளம் உண்டு. போகும்போதும் இறங்கி ஏற வேண்டும், வரும்போதும் இறங்கி ஏற வேண்டும். போன வருடம் போகும்போது நல்ல மழை, செம்மண் குழைந்து கிடந்தது. அப்படியும் வயிறு நிறையப் பெட்டிகளோடு வேன் முனகிக்கொண்டே ஏறிவிட்டது. திருவிழா முடிந்து சாமான்களெல்லாம் லோரியில் முன்னாலேயே போய்விட, காலி வேனை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். மழை விட்டு ஒரு நாள் ஆகியிருந்தது, பாதையும் கொஞ்சம் இறுகியிருந்தது. அந்தப் பள்ளத்தில் வேன் நின்றுவிட்டது. இடது பின்சக்கரம் மட்டும் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுற்ற, வலது சக்கரம் கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது. தோட்டத்து டிராக்டர் வந்துதான் இழுத்துவிட்டது.

“அடுத்த வருசத்துக்குள்ள இத ஃபோர் வீலா ஆக்கிக் காட்டுறேன் மச்சான்” என்று அன்றைக்கே என் மச்சான் சபதம் போட்டான். ஃபோர் வீல் என்றால் நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் இழுவை போகிற வண்டி. செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அவனுடைய பெரியப்பா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். “சக்கரத்தச் சுத்த வைக்கிறது பெரிய வேலை இல்ல தம்பி. சுத்துற சக்கரத்தத் திருப்பணும், நிறுத்தணும்” என்றார். அப்போது அதை யாரும் காதில் வாங்கவில்லை.

முதலில், சுமையோடு ஏறிய வண்டி காலியாக ஏன் ஏறவில்லை? இந்த மாதிரி வேனில் ஓட்டுநர் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார். எஞ்சினும் அவருக்குக் கீழே. காலியாக நிற்கும்போது எடையில் பாதிக்கு மேல் முன்சக்கரங்களில்தான் இறங்கும். ஆனால் தள்ளுகிற வேலை பின்சக்கரங்களுடையது. எடை இல்லாத சக்கரத்துக்கு மண்ணில் பிடி கிடைக்காது. பின்னால் நான்கு ஸ்பீக்கர் பெட்டியையும் ஜெனரேட்டரையும் ஏற்றினால் அந்த எடையே பிடியாகிவிடுகிறது. அன்றைக்கு நாங்கள் செய்திருக்க வேண்டியது என்ன தெரியுமா? தோட்டத்துப் பையன்கள் நாலைந்து பேரைப் பின்கதவோரம் உட்கார வைத்திருக்கலாம். தோன்றவில்லை.

அடுத்தது டிஃபரன்ஷியல். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அதற்காகத்தான் இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிடாமல் நடுவில் பல்சக்கரங்களை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டின் குணம், இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்கு விசைதான் போகும் என்பது. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் அதைச் சுற்ற மிகக் கொஞ்சம் விசையே போதும்; இன்னொரு சக்கரத்துக்கும் அந்தக் கொஞ்சம்தான் கிடைக்கும். கெட்டித் தரையில் நின்ற வலது சக்கரம் பிள்ளையாராக இருந்ததற்குக் காரணம் இதுதான். முன்னால் இன்னொரு டிஃபரன்ஷியலைச் சேர்த்தாலும் இந்தக் குணம் மாறாது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று எதிரெதிர் மூலையில் இரண்டு சக்கரங்கள் வழுக்கினால் ஃபோர் வீலும் நின்றுவிடும். கடையில் வாங்கிய புது ஃபோர் வீல் வைத்திருப்பவர்களிலேயே பலருக்கு இது தெரியாது.

கம்பெனியே செய்த நான்கு சக்கர இழுவை வேன்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. 1982இல் மித்சுபிஷி, டெலிக்கா வேனுக்கு நான்கு சக்கர இழுவை கொடுத்தது. ஜப்பானில் பனி கொட்டும் வடக்குப் பகுதிகளுக்காக டொயோட்டா ஹையேஸிலும் அந்த வகை உண்டு. ஃபோக்ஸ்வாகன் 1980களின் நடுவில் தன் வேனின் சின்க்ரோ வகையைக் கொண்டுவந்தது. அதை ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஸ்டெயர்-டைம்லர்-புக் நிறுவனம் செய்து கொடுத்தது. அந்த நாடுகளில் சக்கரம் வழுக்குவது பனியில். நமக்குப் பனி இல்லை. தார் ரோட்டில் சாமானும் பள்ளிப் பிள்ளைகளும் ஏற்றப் பின்சக்கர வேனே போதும் என்றாகிவிட்டது. சேற்றுக்குப் போகிறவன் பிக்கப் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். கேமரன் மலையில் காய்கறித் தோட்டக்காரர்கள் இன்றைக்கும் பழைய லேண்ட் ரோவரை விடாமல் ஓட்டிக்கொண்டிருப்பது அதனால்தான்.

வீட்டிலேயே வேனை மாற்றுவதைப் பற்றித் தேடிப் பார்த்தால் கண்ணில் படுவதெல்லாம் அமெரிக்கக் கதை. ஃபோர்டு ஈகோனோலைன் வேன் பின்சக்கர இழுவையாகவே விற்கப்பட்டது. அதை ஃபோர் வீலாக்குவதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனங்கள் அங்கே உண்டு. பென்சில்வேனியாவின் குவிக்லி அதில் ஒன்று. வீட்டில் செய்பவர்களும் நிறைய. அவர்களால் முடிவதற்குக் காரணம் இருக்கிறது. 1975க்குப் பிந்தைய ஈகோனோலைனுக்கு லோரி மாதிரி தனிச் சேஸி, அதாவது தனி அடிச்சட்டம். அதே கம்பெனியின் பிக்கப்பிலிருந்து முன் ஆக்ஸிலை (இரண்டு பக்கச் சக்கரத்தையும் தாங்கும் அச்சை) கழற்றி வந்து, ஸ்பிரிங் தாங்கிகளைச் சேஸியில் போல்ட் போட்டு முடுக்கினால் கிட்டத்தட்ட உட்கார்ந்துவிடும். எஞ்சினும் ஆக்ஸிலுக்கு மேலே போதிய உயரத்தில் இருக்கிறது. நம்ம ஊர் வேனில் இந்த வசதிகள் கிடையாது. ஹையேஸ் போன்றவற்றில் சேஸி என்பது உடலோடு சேர்த்துப் பற்றவைத்த தகட்டு வரிகள். முன்பக்கம் டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி வைத்த தனித்தனி சஸ்பென்ஷன். எஞ்சினின் அடி எண்ணெய்த் தொட்டியான சம்ப் தாழ்ந்து தொங்குகிறது. அமெரிக்கக்காரர் ஒரு சனி ஞாயிறில் முடித்தேன் என்று சொல்வதைப் படித்துவிட்டு இங்கே ஜாக்கியை எடுத்தால் ஏமாந்துதான் போவோம்.

சரி, என்னென்ன சேர்க்க வேண்டும்? கியர்பாக்ஸுக்குப் பின்னால், இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் ஒரு டிரான்ஸ்ஃபர் பாக்ஸ். அதிலிருந்து முன்னோக்கி ஓடிச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஒரு தண்டு, அதாவது புரொப்பெல்லர் ஷாஃப்ட். டிஃபரன்ஷியலோடு ஒரு முன் ஆக்ஸில். திரும்பிக்கொண்டே சுழலக்கூடிய மூட்டுகள். காகிதத்தில் இவ்வளவுதான். கிள்ளான், சுங்கை பூலோ பக்கம் ஹாஃப் கட் கடைகளில் இவை எல்லாமே குவியல் குவியலாகக் கிடக்கும். ஜப்பானில் ஓடி முடிந்த வண்டிகளைப் பாதியாக அறுத்து இங்கே கப்பலில் அனுப்புவதால் நமக்குக் கிடைத்த வரம் அது. கடைக்காரத் தவுக்கேயிடம் பேரம் பேசத் தெரிந்தால் போதும். ஆனால் எதை வாங்குவது என்பதில்தான் சறுக்கல்.

டிரான்ஸ்ஃபர் பாக்ஸில் இரண்டு ஜாதி. ஒன்று கியர்பாக்ஸின் வாலோடு ஒட்டியே வருவது. பிக்கப்புகளில் பெரும்பாலும் இதுதான். இதை எடுத்தால் கியர்பாக்ஸையும் சேர்த்து எடுக்க வேண்டும். கியர்பாக்ஸ் உங்கள் எஞ்சினோடு பொருந்தாவிட்டால் எஞ்சினையும் எடுக்க வேண்டும். நூல் பிடித்து இழுத்தால் சேலையே வருகிற கதை. இன்னொன்று தனியாக நிற்பது: கியர்பாக்ஸிலிருந்து ஒரு குட்டி ஷாஃப்ட் வந்து அதில் சேரும். பழைய சுசுக்கி எஸ்ஜே 410 ஜீப்பில் இருப்பது இந்த வகை. சிறியது, விலை குறைவு, எங்கே வேண்டுமானாலும் தொங்கவிடலாம். அதனால் எல்லோருக்கும் முதல் ஆசை இதன் மேல்தான் வரும். மச்சானுக்கும் வந்தது.

இதில் இரண்டு வில்லங்கம். முதலாவது, அது ஒரு லிட்டர் எஞ்சினுக்காகச் செய்தது. இரண்டு லிட்டர் எஞ்சினும் ஒரு டன் சாமானும் அதன் பற்களை எவ்வளவு காலம் விட்டு வைக்கும்? இரண்டாவதைப் பலரும் கவனிப்பதே இல்லை. பொதுவாக டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் ஹை நிலையில், அதாவது ரோட்டில் ஓட்டும் நிலையில், உள்ளே போகிற சுழற்சி அப்படியே வெளியே வரும். சுசுக்கியில் அப்படி இல்லை. அதன் ஹை நிலையே வேகத்தைக் குறைத்துத்தான் அனுப்பும். 1.3 லிட்டர் சாமுராய் வகையில் அந்தக் குறைப்பு சுமார் 1.4, எஸ்ஜே 410இல் இன்னும் அதிகம். நெடுஞ்சாலையில் எஞ்சின் 3,000 சுழற்சியில் சொகுசாகப் போன வேன், 1.4 குறைத்தால் அதே வேகத்துக்கு 4,200 சுற்ற வேண்டியிருக்கும். ஈப்போ வரை அந்த இரைச்சலில் போய்ப் பாருங்கள். சேற்றில் ஒரு நாள் ஓடுவதற்காக ரோட்டில் 364 நாள் அழ வேண்டுமா?

அப்புறம் டிஃபரன்ஷியல் விகிதம். இதை வீட்டு வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம், ஒரு சாக்பீஸ் போதும். கியரை நியூட்ரலில் போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தரையில் வைத்து மற்றொன்றைத் தூக்குங்கள். தூக்கிய டயரில் ஒரு கோடு, புரொப்பெல்லர் ஷாஃப்டில் ஒரு கோடு. டயரைச் சரியாக இரண்டு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். ஒரு பக்கச் சக்கரம் நின்றிருப்பதால் டிஃபரன்ஷியல் பாதியை விழுங்கிவிடும். அதனால்தான் ஒரு சுற்று போதாது, இரண்டு சுற்று. மச்சான் படுத்துக்கொண்டு ஷாஃப்டைப் பார்த்து எண்ண, நான் டயரைச் சுற்றினேன். நான்குக்குக் கொஞ்சம் மேல், 4.1 என்று வந்தது. கடையில் அவன் முன்பணம் கொடுத்து வைத்திருந்த பிக்கப் ஆக்ஸிலை அதே முறையில் எண்ணியபோது ஐந்துக்குச் சற்றுக் குறைவாக நின்றது. 4.9 பக்கம்.

வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் இரண்டு ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது என்பதை நினைவில் வையுங்கள். பின்சக்கரம் 100 மீட்டர் ஓடும்போது இந்த முன்சக்கரம் 84 மீட்டர்தான் ஓடப் பார்க்கும். மீதி 16 மீட்டருக்கு எது வழுக்குவது? சேறானால் டயர் வழுக்கிச் சமாளிக்கும். தார் ரோட்டில் வழுக்க முடியாமல் ஷாஃப்டும் பற்களும் முறுக்கேறிக்கொண்டே போய், பலவீனமான இடத்தில் ‘டக்’கென்று தெறிக்கும். 4.1க்கு 4.3 இருந்தால்கூட 100 மீட்டருக்கு ஏறக்குறைய 5 மீட்டர் இழுபறி உண்டு.

விகிதம் அச்சாகப் பொருந்தினாலும் தார் ரோட்டில் முன்சக்கர இழுவையைப் போடக் கூடாது. சக்கர இடைவெளி 2.3 மீட்டர் உள்ள வேன், பின் ஆக்ஸிலின் நடுப்புள்ளி 4 மீட்டர் ஆரத்தில் வருமாறு திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். முன் ஆக்ஸிலின் நடுப்புள்ளி போகும் ஆரம் 4.6 மீட்டர். ஒரு முச்சந்தியில் செங்கோணமாகத் திரும்பி முடிப்பதற்குள் பின்பக்கம் 6.3 மீட்டரும் முன்பக்கம் 7.2 மீட்டரும் ஓடியிருக்கும். நடுவில் இன்னொரு டிஃபரன்ஷியல் இல்லாத சாதாரண டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் ஏறக்குறைய ஒரு மீட்டரான இந்த வித்தியாசத்தை ஏற்காது. ஃபோர் வீலைப் போட்டபடி பசார் வாகனம் நிறுத்துமிடத்தில் திரும்பும்போது வண்டி யாரோ பிடித்து இழுப்பது போல விக்குவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். வண்டி கெட்டுப்போகவில்லை, கணக்கு அப்படி. ரோட்டில் முன்சக்கர இழுவையை எடுத்த பிறகு முன் ஆக்ஸிலும் ஷாஃப்டும் சும்மா சுழலாமல் இருக்கத்தான் முன்சக்கர மையத்தில் கையால் பூட்டித் திறக்கும் ஃப்ரீ வீல் ஹப் வைக்கிறார்கள். வீட்டில் செய்த வேனுக்கு அது கட்டாயம் என்பேன்.

பெரியப்பா சொன்ன வழி எளிது. முன் ஆக்ஸிலையும் பின் ஆக்ஸிலையும் ஒரே வண்டியிலிருந்து எடு. விகிதம் பொருந்தும், பிரேக் அளவு பொருந்தும், சக்கரப் போல்ட் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கும். இல்லையென்றால் முன்னால் ஆறு போல்ட், பின்னால் ஐந்து போல்ட் என்று இரண்டு ஸ்பேர் டயர் சுமக்க வேண்டும். இன்னொன்றும் பார்க்க வேண்டும். முன் டிஃபரன்ஷியல் ஆக்ஸிலின் நட்டநடுவில் இருக்காது, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். டிரான்ஸ்ஃபர் பாக்ஸிலிருந்து ஷாஃப்ட் வெளிவரும் பக்கமும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். பக்கம் மாறிப்போச்சே என்று ஆக்ஸிலைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டால் முன்சக்கரம் பின்னோக்கிச் சுழலும். முன்னும் பின்னும் வடம் பிடித்து இழுக்கிற தேர் ஆகிவிடும் வண்டி.

இதுவரை சொன்னதெல்லாம் காசும் பொறுமையும் இருந்தால் தீர்கிற விஷயம். உண்மையான தலைவலி முன் ஆக்ஸிலை வண்டிக்கு அடியில் நுழைக்கும்போதுதான் ஆரம்பிக்கிறது.

இரும்பு உத்தரம் மாதிரி ஒரு முழு ஆக்ஸில். சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போது அது மொத்தமாக மேலே வரும். டிஃபரன்ஷியலின் பூசணிக்காய் போன்ற கூடு சம்பில் இடிக்காமல் இருக்க மேலே ஒரு சாண் இடமாவது வேண்டும். அதற்கு உடலைத் தூக்க வேண்டும். ஏற்கெனவே உயரமான வேன் இன்னும் உயர்ந்தால் வளைவில் சாயும் பயம் கூடும். பாட்டி ஏறி இறங்க பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றை வண்டியிலேயே வைத்திருக்க வேண்டியதுதான். வேண்டாம் என்றால் டெலிக்கா செய்தது போல டிஃபரன்ஷியலைச் சேஸியில் நிலையாகப் பொருத்தி, இரண்டு பக்கமும் மூட்டு ஷாஃப்டுகள் வைக்கலாம். அதற்கு அந்த வண்டியின் முன் குறுக்குச்சட்டத்தையே வெட்டி எடுத்து ஒட்ட வேண்டும். தகட்டுச் சேஸியில் அதை நேராக, சதுரமாக ஒட்டுவது வீட்டு வாசலில் நடக்கிற காரியமா?

உத்தர ஆக்ஸிலையே வைத்துக்கொள்வோம். டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் மேலே, ஆக்ஸில் கீழே. நடுவில் ஷாஃப்ட் சாய்வாக ஓடுகிறது. வேனில் எல்லாமே நெருக்கமாக இருப்பதால் இந்த ஷாஃப்ட் குட்டையாகிவிடும். 20 சென்டிமீட்டர் இறக்கத்தை 120 சென்டிமீட்டர் நீள ஷாஃப்டில் கொடுத்தால் சாய்வு 10 டிகிரிக்குள். 60 சென்டிமீட்டரில் கொடுத்தால் 18 டிகிரியைத் தாண்டிவிடும். ஷாஃப்டின் முனையில் மடங்கிச் சுழலும் மூட்டுக்கு யூ-ஜாயின்ட் என்று பெயர். சாய்ந்து சுழலும்போது அது சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். இரண்டு முனையிலும் சாய்வு சமமாக இருந்தால் ஒன்றின் குதிப்பை மற்றொன்று தின்றுவிடும். சமமாக இல்லாவிட்டால் கால்மிதி வரை அதிரும்.

ஷாஃப்ட் சாய்வைக் குறைக்க எல்லோருக்கும் தோன்றும் யோசனை, ஆக்ஸிலைக் கொஞ்சம் உருட்டி, ஷாஃப்ட் வந்து சேரும் அதன் மூக்கை மேல்நோக்கித் திருப்புவது. இரண்டு ஆப்புத் தகடுகளை ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் வைத்தால் முடிந்தது. ஷாஃப்ட் சந்தோஷமாகிவிடும். ஆனால் ஆக்ஸிலை உருட்டும்போது அதன் இரண்டு முனையிலும் உள்ள திருப்பு மூட்டுகளும் சேர்ந்தே உருளுகின்றன. அந்த மூட்டின் அச்சு நேர்க்குத்தாக நிற்பதில்லை, மேல்முனை சில டிகிரி பின்னுக்குச் சாய்ந்திருக்கும். இதைக் கேஸ்டர் என்பார்கள். சைக்கிளில் கையை விட்டு ஓட்டும்போது முன்சக்கரம் தானாக நேராவதற்கு இந்தச் சாய்வும் உதவுகிறது. திருப்பிய ஸ்டியரிங் கைவிட்டதும் தானே திரும்பி வருவதும் இதனால்தான். மூக்கை மேலே தூக்கினால் இந்த அச்சு முன்னுக்கு வந்து கேஸ்டர் குறைந்துபோகும். அப்புறம் வேன் 90 கிலோமீட்டர் வேகத்தில் நேர்க்கோட்டில் நிற்காது, ரோடு முழுவதும் மோப்பம் பிடித்துக்கொண்டு போகும். லோரி ஒன்று பக்கத்தில் கடந்தால் கை நடுங்கும். ஷாஃப்டுக்கு நல்லது செய்தால் ஸ்டியரிங்குக்குக் கெடுதல், ஸ்டியரிங்குக்கு நல்லது செய்தால் ஷாஃப்டுக்குக் கெடுதல். இரண்டையும் காப்பாற்ற ஒரே வழி, ஆக்ஸில் முனையில் மூட்டை வெட்டித் தேவையான கோணத்துக்குத் திருப்பி மறுபடி பற்றவைப்பது. உயிரே அந்த வெல்டிங்கில் தொங்குகிறது. அனுபவமுள்ள பட்டறைக்காரர்களே யோசித்துத்தான் கை வைக்கும் இடம் அது.

ஸ்டியரிங்கில் இன்னொரு கண்ணி. வேனில் ஸ்டியரிங் தண்டு கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்கி, ஓட்டுநர் காலடியில் உள்ள பெட்டியில் சேருகிறது. பழைய தனி சஸ்பென்ஷனுக்கு அளந்து செய்த கைகள் அங்கே இருக்கும். உத்தர ஆக்ஸில் வந்ததும் அவை எதுவும் பொருந்தாது. ஸ்டியரிங் பெட்டி உடலில், சக்கரம் ஆக்ஸிலில். நடுவில் இணைக்கும் டிராக் லிங்க் கம்பி, ஆக்ஸில் மேலும் கீழும் போகும்போது அதே வட்டத்தில் அசைய வேண்டும். அசையாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் யாரும் தொடாமலே ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்பும். சுற்றும் சக்கரத்தைத் திருப்ப வேண்டும் என்று பெரியப்பா சொன்னதன் முழு அர்த்தம் இதுதான். உடலை எவ்வளவு அதிகம் தூக்குகிறீர்களோ அவ்வளவுக்கு இந்தக் கம்பி சாய்ந்து, கோளாறும் கூடும்.

நிறுத்துவதைப் பற்றி. முன் ஆக்ஸில் பிக்கப்புடையது, பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் வேனுடையது. மிதியின் ஆழம் மாறிவிடும். ஹோஸ் நீளம் போதாது. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற விஷயங்கள். கண்ணுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. சாமான் ஏற்றும் வேன்களில் பின் ஆக்ஸிலுக்கும் உடலுக்கும் நடுவில் ஒரு கம்பி ஓடிப் பிரேக் எண்ணெய் வால்வு ஒன்றில் சேருவதைப் பார்க்கலாம். சுமை ஏறி உடல் இறங்கினால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும்; காலியாக உடல் உயர்ந்தால் குறைக்கும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க. நாம் வண்டியை ஐந்து அங்குலம் தூக்கிவிட்டால் அந்த வால்வு வேன் எப்போதும் காலியாக இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். ஒரு டன் ஏற்றி இறக்கத்தில் மிதித்தாலும் பின் பிரேக் அரைகுறையாகத்தான் பிடிக்கும். தூக்கிய அளவுக்கு அந்தக் கம்பியின் தாங்கியையும் மாற்றியாக வேண்டும்.

இறக்கம் என்றதும் ஒன்று. ஃபோர் வீலின் பலன் ஏறுவதில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பினாங்கில் தண்ணீர்மலைப் பக்கம் பூங்காவிலிருந்து கொடிமலைக்கு ஏறும் ஜீப் பாதையை நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், சுமார் 5 கிலோமீட்டருக்கு அது என்ன செங்குத்து என்று. அங்கே வண்டிகள் பிழைப்பது, வேகத்தை மேலும் குறைக்கும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் லோ நிலையால். பிரேக்கைச் சூடாக்காமல் எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கும். செம்பனைத் தோட்டத்துச் சின்னப் பள்ளத்துக்கு அது தேவையே இல்லை.

வீட்டில் வேலை செய்வது பற்றி நடைமுறையாக ஒன்று. நம்ம தாமான் குடியிருப்பு வீடுகளில் வாசலுக்கு டைல்ஸ் போட்டிருப்போம். ஜாக்கி ஸ்டாண்டின் நான்கு கால்களும் டைல்ஸில் அழுந்தும்; அடியில் சிமெண்ட் சரியாக நிரம்பாத இடத்தில் டைல்ஸ் உடைந்து ஸ்டாண்ட் சாயும். மச்சான் வீட்டில் ஒரு டைல்ஸ் உடைந்தே விட்டது, நல்லவேளை கீழே யாரும் இல்லை. தடித்த பலகை போட்டு அதன் மேல் ஸ்டாண்டை வையுங்கள். வெல்டிங் செய்யும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள், பெட்ரோல் குழாய் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு கிரைண்டரை எடுங்கள்.

சட்டம் தனி அத்தியாயம். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும், வாகனக் கட்டமைப்பு பற்றிய 1959ஆம் ஆண்டு விதிகளும் இங்கே பொருந்தும். ஆக்ஸில், ஸ்டியரிங், பிரேக் மூன்றையும் மாற்றுவது ஸ்போர்ட் ரிம் போடுவது மாதிரி இல்லை. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி, பரிசோதனை என்று முறையாகப் போக வேண்டும். வேலையை முடித்துவிட்டு அனுமதி கேட்பதைவிட, வரைபடத்தோடு முன்கூட்டியே கேட்பது புத்திசாலித்தனம். சிலர் குறுக்கு வழி சொல்வார்கள்: ஃபோர் வீல் பிக்கப்பின் சேஸியை எடுத்து அதன் மேல் வேன் உடலைக் கவிழ்த்துவிடு என்று. பொறியியலாகப் பார்த்தால் அது நல்ல யோசனைதான். ஸ்டியரிங், கேஸ்டர், பிரேக் எல்லாம் கம்பெனி வைத்த இடத்திலேயே இருக்கும். ஆனால் வண்டிப் பதிவுப் பத்திரமான கிராண்டில் உள்ள சேஸி எண் வேனுடையது, கீழே ஓடுவது வேறொரு வண்டியின் எண். பரிசோதனையில் முதலில் தேய்த்துப் பார்ப்பதே அந்த எண்ணைத்தான். அனுமதி இல்லாத மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் காப்புறுதிக்காரரும் விபத்து நடந்த பிறகு கையை விரித்துவிடலாம். பின்னால் சொந்தக்காரப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி என்பதை மறந்துவிடக் கூடாது.

மச்சான் என்ன செய்தான்? அந்த ஆக்ஸிலை வாங்கவில்லை. முன்பணத்தில் பாதியைத் தவுக்கே திருப்பிக் கொடுத்தார். மீதிக்கு வேறு சாமான் எடுத்துக்கொள்ளச் சொன்னார். குவியலில் தேடியபோது அதே வகை வேனின் பின் ஆக்ஸிலில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் ஒன்று சிக்கியது. உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகள் இரண்டு பக்கத்தையும் ஓரளவு சேர்த்துப் பிடிப்பதால், ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றொன்றுக்குக் கொஞ்சம் விசை போகும். சாக்பீஸ் கணக்கு இதில் வேலைக்காகாது, இரண்டு சக்கரமும் ஒன்றாகவே சுற்றப் பார்க்கும். அதனால் பின்மூடியைத் திறந்து பற்களை எண்ணினோம்: 41க்கு 10. அச்சாக 4.1. அதற்கென்று உள்ள எண்ணெய்தான் ஊற்ற வேண்டும், சாதா எண்ணெய் ஊற்றினால் திரும்பும்போது தகடுகள் கரகரக்கும். கூடவே பின்னால் இரண்டு மட் டயர். மொத்த வேலையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்தது.

இந்த வருடத் திருவிழாவுக்குப் போய்த் திரும்பும்போது நான்கு மணல் மூட்டையைப் பின்கதவோரம் போட்டுக்கொண்டோம். அந்தப் பள்ளத்தில் வேன் ஒரு தடவை வாலை ஆட்டிவிட்டு ஏறிவிட்டது. ஆனால் அதற்கு அப்பால் புதிதாகத் தோண்டிய கால்வாய் ஓரத்தில் முன்சக்கரம் இரண்டும் புதைந்தபோது மட் டயரும் உதவவில்லை, லிமிடெட் ஸ்லிப்பும் உதவவில்லை. நல்லவேளை, டிராக்டர்காரருக்கு ஒரு பொட்டலம் சாப்பாடு எடுத்து வைத்திருந்தோம்.